வேலூர் பக்கம் ரம்மிக்கு உட்காருகிறவர்கள் கவனத்துக்கு

வேலூரில் மாடியில் இயங்கும் ஒரு மனமகிழ் மன்றத்தில், குடியாத்தத்து லுங்கி வியாபாரி ஒருவரை ரெண்டு பேர் சேர்ந்து மொட்டையடித்திருக்கிறார்கள். ஆறு பேர் டேபிள், பாயிண்ட் ஐந்து ரூபாய். தோற்றவர் கையில் சேராமல் நிற்கும் சீட்டுகளின் மொத்தப் பாயிண்ட்தான் கவுண்ட். ஃபுல் கவுண்ட் 80 என்றால் ஆட்டத்துக்கு 400 ரூபாய். சின்ன ஆட்டம்தானே என்று உட்கார்ந்தவர் எழுந்தபோது, சரக்கு எடுக்க வைத்திருந்த பணமும் கையில் இல்லை.

அவர் ஆட்டம் தெரியாதவர் இல்லை. செல்போனில் வருஷக்கணக்கில் ஆடியவர். 2025 ஆகஸ்ட்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை விதித்த பிறகு, இவரைப் போன்றவர்கள் நேரில் ஆட வருகிறார்கள். செல்போனில் முறை தவறிச் சீட்டு எடுக்க முடியாது, கவுண்ட்டைக் குறைத்துச் சொல்ல முடியாது. நேரில் அதையெல்லாம் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரம்மியில் ஒருவர் கழிக்கும் சீட்டு அடுத்து உட்கார்ந்திருப்பவருக்குத்தான் போகும். அதனால் கூட்டாளிகள் அடுத்தடுத்த சேரில்தான் உட்காருவார்கள். முன்னால் இருப்பவன் வேண்டிய சீட்டைப் போடுவான், அடுத்தவன் ஷோ வைப்பான், அதாவது எல்லாச் சீட்டும் சேர்ந்துவிட்டது என்று காட்டி ஜெயிப்பான். அன்றைக்கு ஆர்ட்டின் 7 விழுந்தது, அடுத்தவன் எடுத்தான், ஷோ. 7-ஐப் போட்டவன் அவசரமாகத் தன் சீட்டைக் கட்டோடு கலக்கப் போனான். வியாபாரி கையை வைத்து மறித்து, சீட்டைத் திருப்பிப் பார்த்தார். ஆர்ட்டின் 5, 6, 8 மூன்றும் அங்கேயே இருந்தன. கையில் சேர்ந்த ஒரிஜினல் ரம்மியை (ஜோக்கர் இல்லாமல் ஒரே ஜாதியில் வரிசையாகச் சேர்ந்த சீட்டுகளை) உடைத்து நடுச்சீட்டை எவன் கழிப்பான்? கேட்டதற்கு மன்றத்து ஆள், "ஆட்டம் முடிஞ்சா அடுத்தவங்க சீட்டப் பாக்கக் கூடாதுணா" என்று அவர்கள் பக்கமே பேசியிருக்கிறார்.

சீட்டைப் போட்டுக் கொடுத்தவன் 80 கொடுத்தால் அவனுக்கு நஷ்டம்தானே என்று தோன்றும். அது கூட்டாளி பாக்கெட்டுக்குத்தான் போகிறது. மற்ற நாலு பேர் கொடுப்பது மட்டும்தான் அவர்களுக்கு வரவு. ரெண்டு பேரும் 26 சீட்டைப் பார்த்து ஆடுகிறார்கள், நீங்கள் 13-ஐ வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள். இதில் திறமைக்கு என்ன வேலை?

ஆகவே உட்காரும் முன்பே ரெண்டு விஷயத்தைப் பேசி முடியுங்கள். சீட்டு எடுத்துப் பார்த்து இடம் போட வேண்டும், அவ்வப்போது இடம் மாற வேண்டும். ஷோ வைத்ததும் ஆறு பேர் சீட்டும் திறந்தபடி மேசையில் இருக்க வேண்டும், எல்லோரும் பார்த்து கவுண்ட் சொன்ன பிறகுதான் கலக்க வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாத டேபிளில் உட்காரவே உட்காராதீர்கள். கவுண்ட்டைக் குறைத்துச் சொல்வதும், தப்பு ஷோவைச் சட்டென்று கலைத்து 80-லிருந்து தப்பிப்பதும் இதனாலேயே நின்றுவிடும்.

கட்டையும் எண்ணுங்கள். ரெண்டு கட்டு, கட்டுக்கு ஒரு அச்சு ஜோக்கர் என்றால் 106. ஒரு ஜோக்கர் கூடுதலாக நுழைந்திருந்தால் எண்ணாமல் கண்டுபிடிக்க முடியாது. ஜோக்கர் மூலையில் நகக்கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

டிராப்பில், அதாவது அந்த ஆட்டத்தை ஆடாமல் விட்டு விலகுவதில், இன்னொரு அயோக்கியத்தனம். சீட்டு எடுக்கும் முன் விட்டால் 20, எடுத்த பிறகு விட்டால் 40. கட்டிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, "தெரியாம எடுத்துட்டேன், நான் மொதல்லயே டிராப்பு" என்று திருப்பி வைப்பார்கள். பாதிக் காசு மிச்சம், அடுத்தவருக்கு என்ன சீட்டு வரப்போகிறது என்பதும் தெரிந்துவிடும். தொட்டால் எடுத்ததுதான், 40 எழுதுங்கள்.

காட்பாடி பக்கம் ரூமில் போக்கர் ஆடும் பையன்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. "கால்" (எதிராளி வைத்த அளவே நானும் வைக்கிறேன்) என்று சொல்லிச் சில்லு வைத்து, எதிராளி முகத்தைப் பார்த்துவிட்டு "அண்ட் ரெய்ஸ்" (அதற்கு மேலும் வைக்கிறேன்) என்று மறுபடி கை நீட்டினால் அது செல்லாது. முதலில் சொன்ன வார்த்தைதான் கணக்கு. பெரிய சில்லுகளைப் பின்னால் மறைத்து வைப்பவனிடம் முன்னால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

"ரம்மிக்கு சுப்ரீம் கோர்ட்டே அனுமதி கொடுத்திருக்கு" என்று மன்றத்தில் சொல்வார்கள். பாதிதான் உண்மை. 1968 தீர்ப்பு ரம்மியைத் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மன்றம் லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. ஜெயித்த தொகையில் கமிஷன் பிடிக்கிற இடத்துக்கு போலீஸ் வந்தால், ஆடியவரும் மாட்டுவார்.

தோற்ற பிறகு அங்கேயே கடன் கொடுக்க ஆள் நிற்பான். பந்தயப் பாக்கியைக் கோர்ட்டில் வசூலிக்க முடியாது, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு அதைச் செல்லாது என்கிறது. அது தெரிந்துதான் வெற்று ப்ரோ நோட்டில் கையெழுத்தும் வண்டி ஆர்.சி. புக்கும் கேட்கிறார்கள். ரெண்டையும் கொடுக்காதீர்கள்.