ஐன்ஸ்டீனுக்கு மூன்று போட்டியாளர்கள்: கோள்களும் விண்மீன்களும் யார் பக்கம்?

ஈர்ப்பு பற்றி ஐன்ஸ்டீன் 1915-ல் சொன்னதற்கு (பொதுச் சார்பியல் கோட்பாடு) மாற்றாக எத்தனையோ கோட்பாடுகள் வந்துவிட்டன. மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவை சரியென்றால் வானத்தில் என்ன மாறும் என்று பார்ப்போம்.

பிரான்ஸ்–டிக்கி கோட்பாட்டில் (1961) ஈர்ப்பு எவ்வளவு பலமானது என்று சொல்லும் எண்ணான ஈர்ப்பு மாறிலி ஜி நிலையானது இல்லை, மாறக்கூடியது. இந்த விஷயத்தில் விண்மீன்கள் ரொம்பக் கறார். சூரியன் மாதிரி ஒரு விண்மீனின் ஒளிர்வு ஏறத்தாழ ஜி-யின் ஏழாம் அடுக்கைப் பொறுத்தது, அதாவது ஜி 10 சதவீதம் கூடினாலே வெளிச்சம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். பழங்காலத்தில் ஜி அதிகமாக இருந்தது என்ற இயற்பியலாளர் டிராக்கின் யோசனையை 1948-ல் இன்னொரு இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லர் இதே கணக்கை வைத்துத்தான் மடக்கினார்: அப்படியானால் பூமியின் ஆதிக் கடல்கள் கொதித்திருக்குமே! பிரான்ஸ்–டிக்கியில் மாற்றம் சின்னது என்பதால் அது அங்கே தப்பித்தது, ஆனால் சனிக்கோளுக்குப் போன கசினி விண்கலத்திடம் சிக்கியது. சூரியனின் ஈர்ப்பு ரேடியோ அலைகளை எவ்வளவு பாதிக்கும் என்பதில் இந்தக் கோட்பாடும் ஐன்ஸ்டீனும் வேறுபடுகிறார்கள். சூரியனை உரசிக்கொண்டு வந்த அதன் ரேடியோ அலைகள், லட்சத்தில் ஓரிரு பங்கு துல்லியத்தில், ஐன்ஸ்டீன் சொன்னபடியே நடந்துகொண்டன (முடிவு வெளியானது 2003-ல்). கோட்பாடு பொய்யாகிவிடவில்லை. ஐன்ஸ்டீனிடமிருந்து பிரித்தறிய முடியாத மூலைக்குத் தள்ளப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்தது பச்சோந்திக் கோட்பாடு. ஈர்ப்போடு கூடுதலாக இன்னொரு விசையும் இருக்கிறது என்கிறது இது. அடர்த்தியான இடத்தில் இந்தக் கூடுதல் விசை ஒளிந்துகொள்ளும், அதனால் சூரியக் குடும்பத்தில் தேடிப் பயனில்லை. சௌகரியமான ஏற்பாடு என்று எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனால் தனித்துக் கிடக்கும் குட்டி கேலக்ஸிகளில் அது ஒளிய முடியாது. அங்கே செஃபீட் விண்மீன்கள் (சீராக ஒளி கூடிக் குறைபவை, அந்தத் துடிப்பின் கால அளவை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம்) வேகமாகத் துடிக்கும், அதை வைத்துக் கணக்கிட்ட தூரம் குறைவாகக் காட்டும். சிவப்புப் பெருமீன்களை வைத்து அளந்த தூரத்தோடு 2013-ல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், இரண்டும் ஒத்துப்போயின. எனவே இந்த விசைக்கு இருந்த இடம் நன்றாகச் சுருங்கிவிட்டது.

எனக்குப் பிடித்தது மில்கிராமின் மோண்ட் (1983). முடுக்கம் ஒரு எல்லைக்குக் கீழே போனால் நியூட்டன் விதியே மாறும் என்கிறது. சூரியனைப் பொறுத்தவரை அந்த எல்லை, பூமி–சூரியன் தூரத்தைப் போல 7,000 மடங்கு தள்ளி இருக்கிறது. நெப்டியூன் இருப்பதோ 30 மடங்கில். ஆக, கோள்களுக்கு ஏறக்குறைய கவலையில்லை. சோதிக்க வேண்டியது வெகுதூரம் விலகிச் சுற்றும் இரட்டை விண்மீன்களைத்தான், விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா விண்கலம் அவற்றை ஏராளமாகக் கொடுத்திருக்கிறது. ஆனால் அதே தரவிலிருந்து ஒரு குழு மோண்ட் தெரிகிறது என்கிறது, இன்னொரு குழு நியூட்டனே போதும் என்கிறது. ஜோடியில் கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது விண்மீன் ஒன்று இருந்தாலும் வேகம் கூடித்தான் தெரியும், அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டாமல் இந்தச் சண்டை தீராது.