படர்தாமரை என்று சொல்லிப் பத்து வாரம் பணம் வாங்கினார்கள்: வயதான பூனை வளர்ப்போர் கவனத்திற்கு

ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரான மண்டபத்தில், எங்கள் வீட்டில் 13 ஆண்டுகள் வளர்ந்த சீனி என்ற ஆண்பூனைக்குச் சென்ற ஆடி மாதத்தில் அடிவயிற்றிலும் பின்னங்கால்களின் உட்புறத்திலும் முடி கொட்டத் தொடங்கியது. சூடை மீன் அரியும் சத்தம் கேட்டாலே ஓடி வருகிறவன், தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்தான்.

மாவட்டத்திலுள்ள ஒரு தனியார் செல்லப்பிராணி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த மருத்துவர் பார்த்த மாத்திரத்தில், "படர்தாமரைதான், உப்புக்காத்துக்கு வர்றது" என்றார். தோலைச் சுரண்டி எடுக்கவில்லை. முடியைப் பூஞ்சைச் சோதனைக்கு அனுப்பவில்லை. வயிற்றை ஒருமுறைகூட அழுத்திப் பார்க்கவில்லை. வாரம் ஓர் ஊசி, ஒரு மருந்துக் குளியல், அவர்களே விற்ற ஷாம்பு எனப் பத்து வாரங்களில் 14,000 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டார்கள். எடை குறைவதைச் சொன்னபோது வயதாகிவிட்டது என்றார்கள். ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டதற்கு, தோல் நோய்க்கு எதற்கு ஸ்கேன் என்று சிரித்தார்கள்.

பிறகு திருநெல்வேலி அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் கட்டி இருந்தது, கல்லீரலுக்கும் பரவியிருந்தது. வயதான பூனைகளுக்குக் கணையத்திலோ பித்தநாளத்திலோ புற்றுநோய் வந்தால், அதன் வெளி அடையாளமாக சில நேரம் முடி இலேசாக இழுத்தாலே கையோடு வரும் என்றும், முடி போன இடம் புண்ணாகாமல் எண்ணெய் தடவியதுபோல் மினுமினுக்கும் என்றும், பாத மெத்தைகள் வறண்டு வெடிக்கலாம் என்றும் அப்போதுதான் அறிந்தோம். சீனிக்கு இவை அத்தனையும் இருந்தன. அந்த மினுமினுப்பை ஷாம்புவின் பலன் என்று நினைத்து நான் மகிழ்ந்திருக்கிறேன்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் புற்றுநோய் தெரியவரும்போது பெரும்பாலும் பரவியே இருக்கும் என்பதால், முன்பே கண்டறிந்திருந்தாலும் அவன் பிழைத்திருப்பான் என்று நான் வாதிடவில்லை. பத்துக் குளியல்களின் நடுக்கமாவது அவனுக்கு நேர்ந்திருக்காது. ஆனால் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி வந்து, முகத்திலும் காதுகளிலும் தொடங்கித் தோல் செதில் செதிலாக உரியும் வேறொரு நோய் உண்டு. எக்ஸ்ரேயில் அதைக் கண்டு அறுவை செய்து கட்டியை எடுத்தால், தோலும் தேறிவிடக்கூடும். அப்படிப்பட்ட பூனையொன்று இவர்களிடம் போயிருந்தால் அந்தப் பத்து வாரங்களுக்கு யார் பொறுப்பு?

திருநெல்வேலியில் முதலில் கேட்டது, இதுவரை என்ன ஊசி போட்டார்கள் என்பதைத்தான். எங்களிடம் இருந்தவை தொகை மட்டும் எழுதிய துண்டுச்சீட்டுகள். மருந்தின் பெயர் கேட்டு இரண்டு முறை நேரில் போனேன். சீனியைப் புதைத்து மூன்று மாதமாகியும் அந்தப் பெயர்கள் வரவில்லை.