மணக்கும் லில்லிக் கிழங்குக்கு முற்பணம் கட்டி நான் ஏமாந்த விதம்

கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடு வாய்க்கால் தண்ணீர் எட்டும் ஒரு கிராமத்தில் வசிக்கும் நான், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் வளவில் பூங்கன்றுகளோடுதான் பெரும்பாலான நேரத்தைக் கழிக்கிறேன். இத்தனை வருடப் பழக்கம் இருந்தும், 2023ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் முகநூல் வழியாகக் கிழங்கு விற்கும் ஒருவரிடம் நான் ஏமாந்தேன். இப்போது மறுபடியும் மாரி தொடங்குகிறது. நடுகைக் காலம் என்பதால் அதே விதமான விளம்பரங்கள் பலருடைய கண்ணிலும் படத் தொடங்கியிருக்கும். ஆகவே நடந்ததை எழுதி வைக்கிறேன்.

விளம்பரத்தில் இருந்த படம் இளஞ்சிவப்பில் வெள்ளை விளிம்பும் கரும்புள்ளிகளும் கொண்ட, வானத்தைப் பார்த்து விரிந்த பூ. அது ‘ஸ்டார்கேசர்’ என்னும் இனம் என்பது எனக்குத் தெரியும். விற்றவர் அதை "ஒல்லாந்து லில்லி" என்றார். கிழங்கு பெரும்பாலும் ஒல்லாந்தில் விளைவிக்கப்படுவது உண்மைதான் என்றாலும், அந்த இனத்தை 1970களில் உருவாக்கியவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த லெஸ்லி வூட்ரிஃப். இனத்தின் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாதவரிடம் பணம் கட்டியது என்னுடைய முதல் பிழை.

"ரீச்சர், இது ஒருக்கா நட்டால் காணும், வருசா வருசம் பூக்கும், எங்கட வெயிலுக்கும் நல்லாத் தாங்கும்" என்று குரல்பதிவு அனுப்பினார். ஒரு கிழங்கு 950 ரூபா வீதம் பத்துக் கிழங்குகளுக்கும், கூரியருக்கு 500 ரூபாவுமாக, 10,000 ரூபாவை வங்கிக் கணக்குக்கு முன்கூட்டியே அனுப்பினேன்.

பொதி பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு வந்தது. பிரித்துப் பார்த்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஏழு கிழங்குகள் வெங்காயத்தைப் போல மண்ணிறச் சருகுத் தோல் போர்த்தியவை; மூன்று மட்டுமே தோல் எதுவும் இல்லாமல், தடித்த செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போல இருந்தவை. இந்த வித்தியாசத்தை அறிந்திருந்தால் அன்றே பொதியைத் திருப்பி அனுப்பியிருப்பேன். உண்மையான லில்லிக் கிழங்குக்குச் சருகுத் தோல் கிடையாது. அதனால்தான் அது விரைவில் காய்ந்துபோகும், ஈரமான மரத்தூளிலோ தென்னந்தும்புத் தூளிலோ பொதிந்துதான் அனுப்புவார்கள். எனக்கு வந்தவை பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி வந்தன. செதில் கிழங்குகளில் இரண்டு அடிப்பக்கம் மெதுமெதுத்து, நீலப் பூஞ்சணம் பிடித்திருந்தன. படம் எடுத்து அனுப்பியதற்கு, "அது பயணத்தில வாறது ரீச்சர், கழுவிப்போட்டு நடுங்கோ" என்ற பதில் கிடைத்தது.

செம்மண்ணோடு மணலும் மக்கிய மாட்டெருவும் கலந்து, அடியில் உடைந்த ஓட்டுத்துண்டுகள் பரப்பிய சாடிகளில் நட்டேன். செதில் கிழங்குகளை ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்தேன், ஏனெனில் இவ்வகை லில்லிக்குக் கிழங்குக்கு மேலேயுள்ள தண்டிலிருந்தும் வேர் விடும். மேலாக நட்டால் அந்த வேருக்கு மண் இருக்காது. பூஞ்சணம் பிடித்த இரண்டும் மார்கழி மழையிலேயே அழுகின. சருகுத் தோல் கிழங்குகள் ஏழும் செழித்து வளர்ந்து, அடியிலிருந்தே பட்டை பட்டையான இலைகளை விட்டன. லில்லியின் இலை நிமிர்ந்த தண்டைச் சுற்றி வரிசையாக வரும் என்று அறிந்தும், பூக்கட்டும் என்று பொறுமையாக இருந்தேன். சித்திரையில் பூத்தன: உள்ளே வெறுங்குழாயாக இருக்கும் காம்பின் நுனியில், செம்மஞ்சள் நிறத்தில், மணம் என்ற பேச்சே இல்லாத பூக்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றடியில் யாரும் நடாமலே புதர்போலப் பெருகிக் கிடக்கும் அதே ஹிப்பியாஸ்ட்ரம். கேட்டிருந்தால் அந்த வீட்டு அக்கா ஒரு வாளி நிறையக் கிண்டித் தந்திருப்பார்.

மிஞ்சிய ஒரேயொரு செதில் கிழங்கு மூன்று மாதத்தில் இரண்டு பூக்களைப் பூத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மாலையில் அந்த மணம் விறாந்தை வரைக்கும் வந்தது. ஆனால் அடுத்த வருடம் சாண் உயரத் தண்டும் நாலைந்து இலையும் வந்து, மொட்டே வைக்காமல் மஞ்சளாகிப் போனது. எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டபோதுதான் விடயம் விளங்கியது. இந்த இனத்தின் மூதாதைகள் யப்பானிய மலைகளைச் சேர்ந்தவை. கிழங்கு பூ வைப்பதற்குப் பல வாரங்கள், ஏறத்தாழ 2 முதல் 5 பாகை செல்சியஸ் குளிரில் ஓய்ந்து கிடக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் கிழங்கு குளிர் களஞ்சியத்தில் அந்த ஓய்வை முடித்துவிட்டே வருவதால் முதல்முறை எங்கும் பூத்துவிடுகிறது. தை மாதத்து இரவிலும் அப்படிக் குளிராத வன்னியில், இரண்டாம் முறைக்கான குளிர் எங்கிருந்து வரும்? எனவே ஏழு கிழங்குகளில் நடந்த மோசடியைக் காட்டிலும், "வருசா வருசம் பூக்கும்" என்ற சொல்லே எனக்குப் பெரிய மோசடியாகத் தோன்றுகிறது. சரியான கிழங்கையே தந்திருந்தாலும் அந்தச் சொல் பொய்தான்.

இன்னொன்றையும் விற்றவர் சொல்லவில்லை. உண்மையான லில்லியின் இலை, பூ, மகரந்தம் அனைத்தும் பூனைக்குச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு. எங்கள் வீட்டுப் பூனை அந்தச் சாடியடியில்தான் படுத்திருக்கும். நல்ல காலம், ஒன்றும் ஆகவில்லை. புதுக்குடியிருப்பில் உள்ள என் உறவுக்காரப் பெண்ணுக்கு வேறொருவர் "தீச்சுடர் லில்லி" என்று கவர்விட்ட கிழங்குகளை விற்றிருக்கிறார். அது மழைக்காலத்தில் பற்றைகளில் தானாகப் படரும் கார்த்திகைப்பூவின் கிழங்கு. அதற்கு மணமும் இல்லை. தின்றால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் உள்ள வீட்டில் வற்றாளங்கிழங்கோடு சேர்ந்து கிடந்தால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

வாங்கத்தான் வேண்டும் என்றால், பூவின் படத்தை விட்டுக் கிழங்கின் படத்தைக் கேளுங்கள். செதில் தெரிகிறதா, அடியில் உயிருள்ள வேர் இருக்கிறதா என்று பாருங்கள். பொதியைக் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுக்கும் முறைக்குச் சம்மதிக்காதவரை விட்டுவிடுங்கள். ஒருமுறை மட்டும் பூப்பதற்கு 950 ரூபா கொடுக்க மனம் ஒப்புகிறதா என்பதையும் யோசியுங்கள், எனக்கு ஒப்பவில்லை. எங்கள் வெக்கைக்கு நிலசம்பங்கியே போதும். இப்போது அந்தச் சாடிகளில் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "உங்கட மண்ணிலதான் பிழை ரீச்சர்" என்று சொல்லிவிட்டு, என் இலக்கத்தைத் தடை செய்துவிட்டார். வங்கிச் சீட்டையும், கிழங்குப் படங்களையும், குரல்பதிவையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன். அவர்களுடைய 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். விற்றவருடைய முகநூல் பக்கம் வேறு பெயரில் திரும்பவும் இயங்குகிறது. படத்தை மட்டும் மாற்றவில்லை: பூவுக்குப் பின்னால் ஒரு மர வீட்டின் படிக்கட்டும், கைப்பிடியில் தொங்கும் சிவப்புக் கம்பளிக் கையுறையும் தெரியும்.