பழைய பிக்கப்புக்கு வாங்கிய உதிரிபாகங்கள்: ஈராண்டு ஓட்டிய பிறகு

என்னிடம் இருக்கும் 1969ஆம் ஆண்டு செவ்ரோலே சி-10 பிக்கப், கண்காட்சிக்கு நிறுத்தும் வண்டி அல்ல. வாரத்தில் மூன்று நாளாவது பலகையோ சிமெண்டு மூட்டையோ ஏற்றிக்கொண்டு போகும் வண்டி. ஆகவே கடந்த ஈராண்டுகளில் வாங்கிய ஒவ்வொரு பொருளையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட்டேன்: இதைப் பொருத்தினால் வண்டியில் வேறு எதை மாற்ற வேண்டிவரும்? விற்பனையாளரின் விவரக்குறிப்பில் இதற்குப் பெரும்பாலும் பதில் இருப்பதில்லை.

முதலில் வாங்கியது முன்சக்கர டிஸ்க் பிரேக் செட். இவ்வகை வண்டிகளுக்கு நிறுவனமே முன் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தத் தொடங்கியது 1971இல்தான்; இருசக்கர இயக்கம் கொண்ட சி-10இன் வீல் போல்ட்டுகள் ஆறிலிருந்து ஐந்தாகக் குறைந்ததும் அந்த ஆண்டிலேயே. இதனால், 1971 மாதிரியை ஒட்டித் தயாரித்த மலிவான செட்டை வாங்குபவரின் வண்டியில் முன்னால் ஐந்து போல்ட்டும் பின்னால் ஆறு போல்ட்டும் இருக்கும். எந்த ஸ்டெப்னியை வைத்துக்கொண்டாலும் பாதிச் சக்கரங்களுக்கு அது உதவாது. சுமை ஏற்றும் வண்டிக்கு இது சிறிய குறை அல்ல என்பதால், சற்றுக் கூடுதல் விலை கொடுத்து ஆறு போல்ட் ரோட்டர் (சக்கரத்துடன் சுழலும் பிரேக் வட்டு) உள்ள செட்டையே தேர்ந்தெடுத்தேன். பழைய ரிம்களில் சில, வட்டைப் பேடால் இறுக்கும் காலிப்பரில் உரசும் என்பதால், டயர் மாட்டும் முன்னரே வெறும் ரிம்மை வைத்துச் சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

செட்டின் இரும்பு வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதனுடன் வந்த, பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை வீணாயிற்று. பொருத்திப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டியதும் முன் ஹப்பின் அருகே கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறியிருந்தது. ஜாக்கியில் தூக்கினால் சக்கரம் கையால் சுற்றவில்லை. பிரேக் குழாயைக் கழற்றி, அது அமரும் சிறு பித்தளைத் துண்டை எடுத்துப் பார்த்தபோது உள்ளே ரப்பர் வால்வு ஒன்று இருந்தது. டிரம் பிரேக்குக்கு லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை எப்போதும் தக்கவைப்பது அதன் வேலை. டிஸ்க்கில் அதே அழுத்தம் பேடை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். டிஸ்க்குக்கென்று விற்ற செட்டில் டிரம்முக்கான சிலிண்டரை வைத்து அனுப்பியிருந்தார்கள். கேட்டபோது மாற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது மழையில் பிரேக் மிதித்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுப்பதில்லை.

காயிலின் (ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் சுருள்) மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்டுக்குப் பதிலாக, அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடங்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன், அளவில் தீப்பெட்டியைவிடச் சிறியது; பொருத்த அரைமணி நேரம் போதும். இந்த வண்டியில் காயிலுக்குச் செல்லும் மின்சாரம் ஒரு ரெசிஸ்டன்ஸ் ஒயர் வழியாகக் குறைந்த வோல்ட்டேஜில் போகிறது; கருவிக்கான மின்சாரத்தையும் அங்கேயே எடுத்தால் எஞ்சின் சூடானதும் தடுமாறும். சாவி போட்டதும் முழு 12 வோல்ட் வரும் இடத்திலிருந்து தனி ஒயர் இழுத்த பிறகு எனக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆயினும் பழைய பாயிண்டையும் கண்டென்சரையும் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். பாயிண்ட் கெடும்போது முன்கூட்டியே முணுமுணுக்கும், உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம். எலக்ட்ரானிக் கருவி கெட்டால் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் 63 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைப் (பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டர்) பற்றி நீட்டிச் சொல்ல எதுவுமில்லை: சார்ஜ் ஒயரையும் தடிமனாக மாற்றினால் நிம்மதி. வாங்கியவற்றிலேயே மலிவானதும் மிகுந்த பயன் தந்ததும் ஹெட்லைட் ரிலே (பேட்டரி மின்சாரத்தை விளக்குக்கு நேராக விடும் ஸ்விட்ச்) இரண்டுதான். விளக்கின் முழு மின்சாரமும் டேஷ்போர்டு ஸ்விட்சையும் காலால் மிதிக்கும் டிம்மரையும் கடந்து வந்ததில், பல்பை அடைவதற்குள் 2 வோல்ட்டுக்கு மேல் இழந்துகொண்டிருந்தேன். புதிய பல்பு வாங்க நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருப்பதால் அதன் ஹோஸ்களை மட்டும் விலை பார்த்து வாங்கவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் தரத்தில் கேட்டு வாங்கினேன்.

ஏமாற்றம் தந்தது கதவு ரப்பர். அசல் அளவு என்று போட்டிருந்தார்கள். ஆனால் மூலையில் கெட்டியாகவும் நேர்ப்பகுதியில் தளர்வாகவும் இருக்கிறது. ஒட்டிய பசை காய்ந்து எட்டு மாதமாகிறது. ஓட்டுநர் பக்கக் கதவை இன்னும் இருமுறை அறைந்துதான் சாத்த வேண்டியிருக்கிறது.