ஸ்பானிஷ் ஆய்வுக் கட்டுரையில "செ"யா, "நாங்க"ளா, "ஃபுவேரோனா"?

ஸ்பானிஷ்ல தீசிஸ் எழுத உட்கார்ந்தா மெத்தட் பகுதியோட முதல் வரியிலயே கை நின்னுடும். சாம்பிள்களை ஆய்வு செஞ்சோம்னு சொல்லணும், அதுக்கு மூணு வழி இருக்கு, மூணுமே இலக்கணப்படி சரிதான். "செ அனலிஸாரோன் லாஸ் முவெஸ்த்ராஸ்"னு செஞ்சவரைச் சொல்லாம விடற "செ"ங்கிற சின்னச் சொல்லைப் போட்டு எழுதலாம், "அனலிஸாமோஸ்"னு நாங்க கணக்குல எழுதலாம், இல்லன்னா "லாஸ் முவெஸ்த்ராஸ் ஃபுவேரோன் அனலிஸாதாஸ்"னு, அதாவது நம்ம "ஆய்வு செய்யப்பட்டன" மாதிரி.

இங்கிலீஷ் வழியா ஸ்பானிஷ் கத்துக்கிட்டவங்களுக்கு கை தானா மூணாவதுக்குத்தான் போகும். என் முதல் கட்டுரையும் பக்கத்துக்குப் பக்கம் ஃபுவேரோன்தான், திருத்திக் குடுத்தவர் பாதிக்கு மேல அடிச்சுட்டு ஓரத்துல செ, செனு எழுதியிருந்தார். அவர் செஞ்சது சரி, ஏன்னா இந்த வடிவம் ஸ்பானிஷ் காதுக்கு கனமா விழும், வரிக்கு வரி வந்தா மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். ஆனா யார் செஞ்சாங்கன்னு சொல்லியே ஆகணும்னா, "போர் தோஸ் தெக்னிகோஸ்"னு ரெண்டு டெக்னீஷியனைக் குறிப்பிடணும்னா, ஃபுவேரோன்தான் நல்லா பொருந்தும், செ கூட அந்த "போர்", அதாவது நம்ம "ஆல்", ஒட்டாது.

மெத்தட் பகுதிக்கு என் ஓட்டு செ-வுக்குத்தான், ஆனா அதுல ஒரு குழி இருக்கு. பொருளா இருந்தா வினை அதோட எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி மாறணும், முவெஸ்த்ராஸ் பன்மை, அதனால அனலிஸாரோன். ஆட்கள் வந்து முன்னாடி "ஆ" சேர்ந்துட்டா கதையே வேற, "செ என்த்ரெவிஸ்தோ ஆ லோஸ் பஸியெந்தேஸ்", அதாவது நோயாளிங்களைப் பேட்டி எடுத்தாச்சு, அவங்க நூறு பேரா இருந்தாலும் வினை ஒருமைதான். இங்க "என்த்ரெவிஸ்தாரோன்"னு எழுதிடறது ஸ்பானிஷ் தாய்மொழிக்காரங்களே பண்ற தப்பு.

நாங்க வடிவம் நமக்கு ரொம்ப நெருக்கம், செஞ்சோம்ல "ஓம்" இருக்கிற மாதிரி அங்க "மோஸ்", நாங்கங்கிறதுக்கான நோசோத்ரோஸைத் தனியா எழுதவே வேண்டாம். தனி ஆளா எழுதுற தீசிஸ்லயும் பணிவுக்காக இப்படி எழுதுற வழக்கம் ரொம்ப பழசு. சிக்கல் என்னன்னா அனலிஸாமோஸ்னா "ஆய்வு செய்றோம்", "செஞ்சோம்" ரெண்டும் ஒண்ணுதான், ஆர்-ல முடியற ஒழுங்கான வினை எல்லாத்துக்கும் இதே கதை, ஒப்தெனேர் (பெறுறது) மாதிரி வினைல இந்தத் தொல்லை இல்ல, ஒப்தெனேமோஸ்னா இப்போ, ஒப்துவிமோஸ்னா அப்போ. அதனால வருஷமோ கட்டமோ கூட சேர்த்து எழுதினாத்தான் வாசிக்கிறவங்களுக்குப் புரியும். நான்னு ஒருமையில எழுதறது மானுடவியல் மாதிரி துறைகள்ல சகஜமா வருது, லேப் கட்டுரைக்கு அது ஒட்டாது.

முடிவுரைக்கு வந்தா நான் கட்சி மாறிடுவேன். "செ கொன்ஸிதேரா கே", அதாவது கருதப்படுதுன்னு எழுதினா இப்படி நினைக்கறது துறையா, நீங்களான்னு தெரியாது. "செ ஆ தெமொஸ்த்ராதோ கே", நிரூபிக்கப்பட்டிருக்குன்னு வரும், யார் நிரூபிச்சாங்கன்னு மேற்கோள் ஒண்ணும் இருக்காது, எனக்கு இதைப் பார்த்தா உண்மையிலேயே கோபம் வரும். சாம்பிளை யார் குழாய்ல ஊத்தினாங்கன்னு தெரியாம போனா பரவால்ல, கருத்து யாரோடதுன்னு தெரியாம போகக்கூடாது. அதனால எழுதி முடிச்சதும் கடைசிப் பகுதியில இருக்கிற செ எல்லாத்தையும் ஒவ்வொண்ணா தேடிப் பார்ப்பேன், என் கருத்தா இருந்தா "கொன்ஸிதெராமோஸ்", கருதறோம்னு மாத்துவேன், வேற ஒருத்தரோடதா இருந்தா அவர் பேரைப் போடுவேன்.