ஆரஞ்சு டப்பாவும் நடுங்கிய கையும்

என் மனைவிக்கு டைப் 1 சர்க்கரை நோய். ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி நினைவு தப்பினால் போடுவதற்கென்று வாங்கி, அலமாரியில் ஒரு வருடமாகச் சும்மா கிடந்த குளுக்ககான் ஊசி கிட்டைப் போன மாதம் ஒரு நடுராத்திரியில்தான் முதன்முதலாகத் திறந்தேன்.

அவள் வியர்வையில் நனைந்து கிடந்தாள். கூப்பிட்டால் முனகல்கூட இல்லை. சர்க்கரை மீட்டர் 34 காட்டியது, ரொம்பவே குறைவு. நினைவில்லாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினால் புரையேறி மூச்சடைத்துவிடும். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டு டப்பாவைத் திறந்தேன்.

உள்ளே 1 மில்லிகிராம் பொடி உள்ள குட்டிக் குப்பி, தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சு. தண்ணீரைக் குப்பிக்குள் செலுத்தி, பொடியைக் கரைத்து, மறுபடி உறிஞ்சி, அப்புறம்தான் தொடையில் போட வேண்டும். பகலில் படித்தால் எளிது. அந்த நேரத்தில் சிரிஞ்சில் ஏதோ இருக்கிறதே என்று வெறும் தண்ணீரையே குத்தப் போனேன். குப்பி கண்ணில் பட்டதால் தப்பித்தோம். மருந்துக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் தருவேன். இப்படிப் பிரித்து வைத்த பெட்டிக்கு இரண்டுதான்.

குளுக்ககான் நம் கணையமே சுரக்கிற ஹார்மோன். கல்லீரலில் சேமித்திருக்கும் கிளைக்கோஜனைச் சர்க்கரையாக்கி ரத்தத்தில் விடச் சொல்கிறது. இருப்பு இருந்தால்தான் வேலை செய்யும். நெடுநேரப் பட்டினிக்கும் மதுவுக்கும் பிறகு பலன் குறைவு. அவள் சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தாள். பன்னிரண்டு நிமிடத்தில் கண் திறந்து, "எதுக்கு எல்லா லைட்டையும் போட்டு வச்சிருக்கீங்க?" என்றாள். உடனே வாந்தி. நல்லவேளை, ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தேன். வாந்தி இந்த மருந்தில் சகஜமாம். அட்டையில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். விழுங்க முடிந்ததும் சர்க்கரைத் தண்ணீர், பிறகு சாப்பாடு.

இப்போது மூக்கில் அடிக்கும் 3 மில்லிகிராம் குளுக்ககான் பொடி வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் 2019இல் அனுமதி பெற்றது. கரைக்கும் வேலை இல்லை, மூச்சை உள்ளிழுக்கவும் வேண்டாம், சளி பிடித்திருந்தாலும் வேலை செய்யும். ஒரே குறை, ஒரு முறைக்குத்தான் மருந்து. சரியா என்று அழுத்திப் பார்த்தால் அவ்வளவுதான், போச்சு.

அவளுடைய ஆபீஸ் பையில் கிடந்த இன்னொரு ஊசி கிட் காலாவதியாகிவிட்டது. அதை வைத்து மகள் தலையணையில் பழகிப் பார்த்தாள். பெட்டி திறந்ததிலிருந்து ஊசி போடும்வரை ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எனக்கு அன்றைக்கு நான்கு நிமிடம் ஆகியிருந்தது.