கேள்வி யாருடையது? இலங்கையில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே சமூக ஆய்வு

யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ சமூகவியல் படித்து வெளியே வருபவருக்கு விரிவுரையாளர் பதவி எளிதில் கிடைப்பதில்லை. ஆனாலும் ஆய்வு செய்யத்தான் வேண்டும் என்று நினைப்பவர் எங்கே போகலாம்? கொழும்பின் சுயாதீன ஆய்வு நிறுவனங்கள் இருக்கின்றன. தொண்டு நிறுவனங்களின் திட்ட ஆய்வு இருக்கிறது. அரசின் கொள்கை நிறுவனம் ஒன்றும் உண்டு. இவற்றில் எங்கே போனாலும் வெளிநாட்டுப் பணம் ஏதோ ஒரு கட்டத்தில் வந்திருக்கும். அதனால் வெளிநாட்டுப் பணம் என்பதற்காக ஒன்றை ஒதுக்குவதில் அர்த்தமில்லை. அந்தப் பணம் எத்தனை வருடத்துக்கு வருகிறது, ஆய்வுக் கேள்வியை யார் எழுதுகிறார்கள் என்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

சுயாதீன நிறுவனங்களில் மார்கா ஆய்வு நிறுவனம் 1972இல் தொடங்கியது. குமாரி ஜயவர்தன, நியூட்டன் குணசிங்க போன்ற ஆய்வாளர்கள் 1977இல் சமூக விஞ்ஞானிகள் சங்கத்தை அமைத்தார்கள். சட்ட அறிஞர் நீலன் திருச்செல்வம் முன்னின்று உருவாக்கிய இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் 1982இல் வந்தது. இவற்றின் பலத்தைக் காட்ட ஒரு விவாதமே போதும். சிங்கள அடையாளம் ஆதியிலிருந்தே இருந்ததல்ல, காலப்போக்கில் உருவாகி விரிந்தது என்று வரலாற்றாசிரியர் ஆர். ஏ. எல். எச். குணவர்தன எழுதினார். அந்தக் கட்டுரை சமூக விஞ்ஞானிகள் சங்கத்தின் 1984ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்றது. சிங்களப் பேராசிரியர் கே. என். ஓ. தர்மதாசவின் மறுப்பு 1992இல் இனத்துவ நிலையத்தின் இதழில் வந்தது. குணவர்தனவின் பதிலைச் சங்கம் 1995இல் வெளியிட்டது. நாடு போரில் இருந்த காலத்தில், ஆதாரத்தை வைத்து இந்த வாக்குவாதத்தை நடத்தியிருக்கிறார்கள்! இப்படி ஒன்றை எந்த நன்கொடையாளரும் முன்கூட்டியே 'திட்டமாக' எழுதித் தந்திருக்க முடியாது. குறையும் இருக்கிறது. இந்த நிறுவனங்களின் எழுத்தில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது. கிளிநொச்சியில் இருப்பவர் கைக்கு அது வந்து சேரவில்லை.

திட்ட ஆய்வு 2002 போர்நிறுத்தத்துக்கும் 2004 சுனாமிக்கும் பிறகு வடக்கு கிழக்கில் பெருகியது. வேலை கிடைக்கும், சம்பளமும் பரவாயில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது, டொலரில் சம்பளம் தரும் வேலையை விட யாருக்கு மனம் வரும்? அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேலை நடக்கும் விதத்தைப் பாருங்கள். வினாக்கொத்து கொழும்பில் ஆங்கிலத்தில் தயாராகிறது. அவசரத் தமிழாக்கத்தோடு ஊருக்கு வருகிறது. நாட்கூலிக்கு எடுத்த உள்ளூர்ப் பட்டதாரிகள் அதை வீடு வீடாகக் கொண்டுபோகிறார்கள். மீள்குடியேறிய ஒரு குடும்பத்திடம் 'கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் மீன் சாப்பிட்டீர்கள்?' என்று கேட்கிறார்கள். 'தினமும்' என்றால் உதவிப் பட்டியலிலிருந்து பெயர் போய்விடுமோ என்ற பயம் அந்த அம்மாவுக்கு. கேள்வி கேட்கும் பட்டதாரிக்கும் அது தெரியும், ஆனால் அதை எழுத படிவத்தில் இடமில்லை. எனக்கு இதில்தான் பெரிய ஆதங்கம். சமூக ஆய்வுக்கு உண்மையான விடயம் அந்தத் தயக்கத்தில் இருக்கிறது. அறிக்கையில் மிஞ்சுவதோ வெறும் சதவீதக் கணக்கு. தரவு கொழும்புக்குப் போகும், அப்புறம் அந்தப் பட்டதாரிகூட அதைப் பார்க்க முடியாது. மூன்று மாதத்தில் அடுத்த திட்டம், அடுத்த தலைப்பு.

அரசின் கொள்கை ஆய்வு நிறுவனம் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டது. நெதர்லாந்து உதவியோடு தொடங்கி, பிறகு சொந்த நிதியில் நிற்கப் பழகியது. வர்த்தகம், வரி, தொழிற்சந்தை என்றால் நல்ல இடம். சாதி, காணி, காணாமல் ஆக்கப்பட்டோர் போன்ற கேள்விகளோடு போகிறவருக்கு அது பொருந்தாது.

இவை எதிலும் சேராத ஒன்றும் உண்டு. 1988இல் யாழ்ப்பாணத்தில் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு தொடங்கியது. ராஜினி திரணகம உடற்கூற்றியல் கற்பித்தவர், ராஜன் ஹூலும் ஸ்ரீதரனும் கணிதம் கற்பித்தவர்கள். சமூக விஞ்ஞானப் பட்டம் இல்லாத இவர்கள், போருக்குள் அகப்பட்ட சனம் எப்படி வாழ்ந்தது என்று ஊர் ஊராகக் கேட்டுப் பதிந்தது இன்றும் தவிர்க்க முடியாத ஆவணம். 1989 செப்டெம்பர் 21இல் ராஜினி சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவர்கள் பல்கலைக்கழகத்தை விட்டு, மறைந்திருந்து வேலையைத் தொடர்ந்தார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனாலும் இதை ஒரு 'வழி' என்று இளையவர் எவருக்கும் நான் காட்ட மாட்டேன்.

என் தேர்வு சுயாதீன நிறுவனம்தான். ஆனால் 2009க்குப் பிறகு இலங்கை நடுத்தர வருமான நாடாகிவிட்டது என்று பல நன்கொடையாளர் ஒதுங்கினார்கள், நீண்டகால நிதி சுருங்கியது. இப்போது அந்த நிறுவனங்களும் குறுகிய திட்டங்களைத் தேடி ஓடுகின்றன. ஆகவே திட்ட ஆய்வுக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லாதவர், ஒப்பந்தத்தில் இரண்டு வரியையாவது கேட்டு வாங்க வேண்டும்: பெயர்களை நீக்கிய தரவை நானும் பயன்படுத்தலாம், முடிவுகளைத் தமிழில் வெளியிடலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும், பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.